விவாகரத்து கேட்காமலே கணவன்மீது வழக்குப் போட முடியுமா?

முடியும். கணவனும் மனைவிமீது போடலாம். திருமணம் நீடிக்கும்போதே ஒருவர்மீது ஒருவர் வழக்குத் தொடர இந்தியச் சட்டத்தில் தடையில்லை. தம்பதியரின் சொத்துத் தகராறுகளை விசாரிக்கும் அதிகாரத்தை 1984ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பநல நீதிமன்றத்துக்கு அளித்திருக்கிறது. ஆனாலும் “முதலில் விவாகரத்து வாங்கு, மற்றதைப் பிறகு பார்க்கலாம்” என்று சொல்லிப் பெண்களைத் தடுப்பவர்கள் உண்டு. அந்த அறிவுரையை நம்பாதீர்கள்.

அதிகம் தேவைப்படுவது ஜீவனாம்சம். வசதியிருந்தும் கணவன் கவனிக்க மறுத்தால், தனக்கென்று வருமானமில்லாத மனைவி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். 2024 ஜூலை 1க்கு முன்பு இதுவே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவாக இருந்தது. எந்த மதத்தவரும் இதை நாடலாம். நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள், கூடியவரை, இடைக்கால ஜீவனாம்ச மனுவை முடிக்க வேண்டும். மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே மனுவைத் தள்ளிப்போட்டால், தள்ளிப்போட்ட மாதங்களுக்கான பணம் கிடைக்காமல் போகலாம். இருவரும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவும் அதே தீர்ப்பு கட்டளையிட்டது. சம்பளத்தை மறைத்துப் பேசும் கணவன்மாருக்கு இது நல்ல கடிவாளம்.

வீட்டில் கொடுமை நடந்தால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அடிப்பது மட்டுமல்ல, இழிவாகப் பேசுவதும் செலவுக்குப் பணம் தராமல் ஒடுக்குவதும் இச்சட்டப்படி வன்முறையே. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீடென்றால் அங்கே வசிக்கும் உரிமையைக் கோரலாம். கொடுமையைத் தடுக்க நீதிமன்றம் இடும் பாதுகாப்பு உத்தரவைக் கணவன் மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பிறந்த வீட்டில் போட்ட நகை மனைவிக்கே சொந்தம். கேட்டும் கொடுக்காவிட்டால் நம்பிக்கை மோசடிப் புகார் அளிக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1985இலேயே உறுதிசெய்துவிட்டது. நகை ரசீதுகளையும் திருமணப் புகைப்படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.

வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லையே என்று தயங்க வேண்டாம். இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் கேட்கலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.