இதய வால்வில் குடியேறும் கிருமிகள்

பல் துலக்கும்போது ஈறில் விழும் நுண்ணிய கீறல்கள் வழியாக, வாயில் வாழும் பாக்டீரியாக்களில் சில இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. இது எல்லோருக்கும் அடிக்கடி நடப்பதுதான். கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் அவற்றைச் சில நிமிடங்களிலேயே அழித்துவிடுவதால், நாம் எதையும் உணர்வதில்லை. ஆனால் அதே கிருமிகளுக்கு இதய வால்வின் மீது ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்துவிட்டால், உரிய சிகிச்சையின்றிப் பிழைப்பது அரிதாகிவிடும் நோயொன்று உருவாகிறது. இதய உட்சவ்வு அழற்சி அல்லது எண்டோகார்டைட்டிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

வழவழப்பான, நலமான வால்வில் பெரும்பாலான கிருமிகளால் ஒட்ட முடியாது. வாதக் காய்ச்சலால் தடித்துப்போன வால்வு, பிறவியிலேயே கோளாறுள்ள வால்வு, அறுவை செய்து பொருத்திய செயற்கை வால்வு ஆகியவற்றின் கதை வேறு. சரியாக மூடாத வால்வின் இடுக்கு வழியே இரத்தம் வேகமாகப் பீய்ச்சியடிக்கும்போது அதன் மேற்படலம் சிராய்த்துக்கொள்கிறது. காயத்தை அடைக்க இரத்தத் தட்டணுக்களும், இரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபைப்ரினின் இழைகளும் அங்கே படிகின்றன. உடல் தன்னைச் சரிசெய்துகொள்ள இட்ட அந்தப் பூச்சே கிருமிகளுக்குப் பிடிமானம் ஆகிவிடுகிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவோ நலமான வால்வையும் தாக்க வல்லது. அது சில நாட்களிலேயே வால்வைக் கிழித்துவிடக்கூடும்.

ஒட்டிய கிருமிகள் பெருகப் பெருக, அவற்றின் மேல் மீண்டும் ஃபைப்ரின் படிந்து, பூக்கோசைப் போன்ற ஒரு முண்டு வளர்கிறது. அதன் ஒரு கிராமில் 100 கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் இருக்கலாம். வால்வின் இதழ்களுக்குள் இரத்த நாளங்கள் அநேகமாக இல்லாததாலும், ஃபைப்ரின் அடுக்குகள் திரைபோல மூடியிருப்பதாலும், வெள்ளை அணுக்களால் உள்ளே நுழைய முடிவதில்லை. நாள் முழுதும் இரத்தத்தில் நனைந்தபடியே இருக்கும் ஓர் உறுப்பில், இரத்தத்தின் காவலர்கள் எட்டாத மறைவிடம் உருவாவதை இந்நோயின் மையமாகவே நான் கருதுகிறேன். முண்டின் உட்பகுதியில் உள்ள கிருமிகள் மிக மெதுவாகவே பெருகுகின்றன. பெனிசிலின் போன்ற மருந்துகளோ, பெருகும் கிருமி புதிதாகத் தன் செல்சுவரைக் கட்டும்போதுதான் அதைக் கொல்லும். பல தொற்றுகளுக்கு ஒரு வாரம் போதுமான ஆன்டிபயாட்டிக், இங்கே பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் வரை நரம்பூசி வழியாகத் தேவைப்படுவது இதனால்தான்.

அந்த முண்டு உறுதியானதும் அல்ல. ஒவ்வொரு துடிப்பிலும் ஆடும் அதிலிருந்து துணுக்குகள் உடைந்து, மூளைக்குச் சென்றால் பக்கவாதமும், மண்ணீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ சென்றால் திசு அழிவும் நேர்கின்றன. நகத்தின் அடியில் சிறு சிராய் குத்தியதுபோல் செம்பழுப்புக் கோடுகளும் தோன்றக்கூடும். நகத்தில் அடிபட்டாலும் அவை வரலாம் என்றாலும், காரணம் தெரியாத காய்ச்சலோடு சேர்ந்து வந்தால் மருத்துவர் இதயத்தைக் கவனமாகக் கேட்டுப் பார்க்கிறார்.

நோய் மெதுவாக வளரும்போது, விட்டு விட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு என்று வாரக்கணக்கில் நீள்கிறது. இந்தக் கட்டத்தில் நடக்கும் ஒரு தவறு மிகவும் வருத்தத்துக்குரியது: இரத்தப் பரிசோதனைக்கு முன்பே சில நாட்களுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை தரப்படுகிறது. காய்ச்சல் சற்றே தணிகிறது, முண்டுக்குள் கிருமி உயிரோடு இருக்கிறது, ஆனால் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும்போது இரத்தத்தில் எதுவும் முளைப்பதில்லை. எந்தக் கிருமி என்று தெரியாமல் போனால் சரியான மருந்தைத் தேர்ந்தெடுப்பது கடினம். ஆகவே, உடனடி ஆபத்து இல்லாத நிலையில், மருந்தைத் தொடங்குமுன் வெவ்வேறு இடங்களில் ஊசி குத்தி மூன்று முறை இரத்தம் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவது வழக்கம். பிறகு, ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனையில் முண்டைத் தேடுகிறார்கள். மார்பின் மேலிருந்து தெளிவாகத் தெரியாவிட்டால், உணவுக்குழாய் வழியே கருவியை இறக்கி இதயத்தின் பின்புறத்திலிருந்து பார்க்கிறார்கள்.

வால்வு சிதைந்து இதயம் செயலிழக்கத் தொடங்கினால், மருந்துக் காலம் முடியும்வரை காத்திராமல் அறுவை சிகிச்சை செய்து வால்வை மாற்ற வேண்டியிருக்கும். செயற்கை வால்வு உள்ளவர்களும், ஒருமுறை இந்நோய் வந்து மீண்டவர்களும், ஈறில் இரத்தம் கசியக்கூடிய பல் சிகிச்சைக்கு முன் அதைப் பல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் தரப்படுகிறது.