வேலி கட்டாத நெறி

போமலின் போத்தலுக்குள் கச்சான் பருப்பளவில் ஓர் இழையம். கூட வந்த படிவத்தில் ஒரே வரி: "கழுத்தில் நெறி (வீங்கிய நிணநீர்க் கணு), காசநோயா?" நோயியல் ஆய்வுகூடத்தில் இருக்கிற எங்களுக்கு இது பழகிப்போனதுதான். ஆனாலும் எரிச்சல் வரும். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டிருக்கிறேன்.)

காசநோய் என்றால் நுணுக்குக்காட்டியில் ஓர் ஒழுங்கு தெரியும். கிருமியைச் சுற்றிப் பாதுகாப்புக் கலங்கள் வேலி கட்டும். சில ஒன்றோடொன்று சேர்ந்து, பல கருக்கள் உள்ள இராட்சதக் கலமாகும். நடுப்பகுதி செத்து, உடைந்த எருமைத் தயிர் மாதிரிக் கிடக்கும். மட்டக்களப்பாருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அன்றைய தகட்டில் வேலியும் இல்லை, தயிரும் இல்லை. நுரைத்த கலங்கள் சிதறிக் கிடந்தன, அவ்வளவுதான். காசநோய் இல்லை என்று எழுதக் கை போனது. எதற்கும் பார்ப்போம் என்று, காசநோய்க் கிருமியைச் சிவப்பாகக் காட்டும் சீல்-நீல்சன் சாயம் போட்டேன். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள், கத்தை கத்தையாக! வழக்கமாக ஒன்றிரண்டைக் கண்டுபிடிக்கவே கண் நொந்துபோகும்.

வார்டுக்கு கோல் எடுத்து எச்.ஐ.வி பரிசோதிக்கச் சொன்னேன். இருந்தது.

வேலி கட்டச் சொல்லி மற்றக் கலங்களை ஏவுவது சீ.டீ.4 என்ற ஒருவகை வெள்ளை இரத்தக் கலங்கள். அந்த வைரஸ் அழிப்பதும் அவற்றைத்தான். சுகதேகிக்கு ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 500க்கு மேல் இருக்கும். 200க்குக் கீழே இறங்கினால் எயிட்ஸ். அப்புறம் வீட்டில் ஆளில்லாத கதைதான், வேறு கிருமிகளும் உள்ளே புகும். நுரையீரல் காற்றுப்பைகளில் இளஞ்சிவப்பு நுரை நிறைந்திருக்கும். வெள்ளிச் சாயம் போட்டால்தான் அதற்குள் நியூமோசிஸ்டிஸ் என்ற பங்கசு கறுப்பாகத் தெரியும்.

இந்த நோயாளிகளில் அதிகம் காணும் புற்றுநோய்களுக்குப் பின்னாலும் பெரும்பாலும் ஒரு வைரஸ் இருக்கும். தோலில் கன்றிய காயம் போல ஊதாத் திட்டாக வரும் கபோசி சார்க்கோமாவுக்கு ஹெர்பிஸ் வகை 8. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எச்.பி.வி என்ற பப்பிலோமா வைரஸ், எச்.ஐ.வி உள்ள பெண்களுக்கு அது வரும் வாய்ப்பு சுமார் 6 மடங்கு. சிகிச்சையில் இருக்கும் பெண்கள், கருப்பைக் கழுத்துக் கலங்களைப் பார்க்கும் பாப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

அரச பாலியல் நோய் கிளினிக்குகளில் எச்.ஐ.வி பரிசோதனை இலவசம், இரகசியம். மட்டக்களப்பில் தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்ற பயமா? சரி, கல்முனைக்கோ அம்பாறைக்கோ போங்கள். போனால் போதும்.

அந்த நோயாளிக்குக் காசநோய் மருந்தும், பிறகு எச்.ஐ.வி மருந்தும் தொடங்கின. சில வாரங்களில் நெறி முன்னையைவிடப் பெரிதாக வீங்கியது. மருந்து ஒத்துவரவில்லை என்று குளிசையை நிறுத்தப் பார்த்தாராம். இரண்டாவது துண்டு என்னிடம் வந்தது. இம்முறை படிவம் நிறைய விவரம். தகட்டில் இராட்சதக் கலங்கள், நடுவில் தயிர், சுற்றிவர நெருக்கமான வேலி. சிவப்புக் குச்சிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. வீக்கத்துக்குக் காரணம் திரும்பி வந்த எதிர்ப்புச் சக்திதான், குளிசையை நிறுத்த விடவேண்டாம் என்று ரிப்போர்ட் போகுமுன்பே டொக்டருக்குச் சொல்லிவிட்டேன்.