முதலில் பள்ளத்துப் பக்கக் காலை விடுங்கள்

காஷ்மீரின் குல்மார்கில் பனிச்சறுக்குச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, ஆளைப் பார்ப்பதைவிட அவர் விட்டுப்போன தடத்தைப் பார்ப்பதுதான் வழக்கம். நான்கு திருப்பம் போகச் சொல்வேன். நடுவில் இரண்டு கோடும் இணையாகத்தான் இருக்கும். அடுத்த திருப்பம் தொடங்கும் இடத்தில் மட்டும் ஆப்பு மாதிரி விரிந்திருக்கும். அதுவரை தாங்கிய ஸ்கீயை (காலில் மாட்டும் சறுக்குப் பலகை) விடாமலே மற்றக் கால் ஸ்கீயை வெளியே தள்ளியிருக்கிறார் என்று அர்த்தம்.

திருப்பத்தின்போது உடல் பாரம் வளைவின் வெளிப்பக்கக் கால் ஸ்கீயில் இருக்கும். அதன் கட்டைவிரல் பக்க எட்ஜ், அதாவது ஓர விளிம்புதான் பனியைக் கடித்துப் பிடிக்கிறது. திருப்பம் முடியும்போது அந்தக் கால் பள்ளத்துப் பக்கம் வந்துவிடும். நம்மை விழாமல் தாங்குவதும் அதுதான், அடுத்து விடவேண்டியதும் அதைத்தான். பயம் வரத்தானே செய்யும்? உடனே எகிறுவார்கள், இல்லையென்றால் தோளைத் திருப்புவார்கள். ஸ்கீ பிடியில்லாமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும்.

சரி, என்ன செய்யலாம்? மிகச் சாய்வு குறைந்த இடத்தில், சரிவுக்குக் குறுக்காகப் போய்க்கொண்டே பள்ளத்துப் பக்க முழங்காலைத் தளர விடுங்கள், படி இறங்கும்போது தளருமே, அப்படி. பாரம் மேட்டுப் பக்கக் காலுக்குப் போகும். அப்போது நீங்கள் நிற்பது அந்த ஸ்கீயின் சுண்டுவிரல் பக்க எட்ஜில். அதில் நிற்க முடியும் என்று முதலில் யாரும் நம்புவதில்லை. இரண்டு விநாடி நின்று பாருங்கள். அப்புறம் பாரம் நீங்கிய பள்ளத்துப் பக்கப் பாதத்தைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். திருப்ப வேண்டாம், சாய்த்தால் போதும். உடல் தானாக ஸ்கீக்களைக் கடந்து பள்ளத்துப் பக்கம் போகும். நிற்கிற ஸ்கீயும் கட்டைவிரல் பக்க எட்ஜுக்குப் புரளும். அதுவரை பொறுத்திருப்பதுதான் கஷ்டம்.

இன்னொரு சோதனை. பாரம் நீங்கிய ஸ்கீயின் வாலை மட்டும் தூக்குங்கள், நுனி பனியில் கிடக்கட்டும். நுனி எழும்பினால் நீங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இந்தப் பின்னால் உட்காரும் பழக்கத்தைத்தான் நான் விடாமல் திட்டுவேன். இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கி, மொத்தப் பாரமும் பள்ளத்துப் பக்க ஸ்கீ வாலின் உள் எட்ஜில் விழுந்தால், முழங்கால் முறுக்கி அதனுள்ளே இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழியலாம். "பைண்டிங் கழன்றுவிடும் சார்" என்பார்கள், பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டைச் சொல்கிறார்கள். பைண்டிங் முக்கியமாகக் கணுக்காலையும் கீழ்க்கால் எலும்பையும் காப்பாற்றச் செய்யப்பட்டது. இந்த முறுக்குக்கு அது கழலாமலே போகலாம். அப்படிச் சாய்ந்துவிட்டால் ஓட்டத்திலேயே எழ முயலாதீர்கள். கைகளை முன்னால் நீட்டி, கால்களைச் சேர்த்துக்கொண்டு, நிற்கும்வரை அப்படியே போங்கள்.

போன பருவத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். கொண்டோலா என்ற கம்பிவட வண்டியில் அஃபர்வத் மலை வரை போகும் ஆசை. இரண்டு நாள் கீழேயே நிறுத்திக் காலைத் தளர்த்தவே வைத்தேன், ஏகப்பட்ட முணுமுணுப்பு. மூன்றாம் நாள் தன் தடத்தைத் தானே திரும்பிப் பார்த்து எண்ணினார். ஆறு திருப்பத்தில் ஆப்பு ஒன்றே ஒன்று. அதுவும் பனி இறுகிக் கிடந்த இடத்தில்.