கொழுப்பு மாற்றா, கொழுப்பு ஒட்டா?

லிப்போசக்ஷன் (குழல் வழியே கொழுப்பை உறிஞ்சியெடுத்தல்) செய்துகொண்ட இடம் மேடும் பள்ளமுமாகிவிட்டால் "கொழுப்பு மாற்று அறுவை சிகிச்சை" மூலம் சரிசெய்யலாம் என்று நலவாழ்வுப் பக்கங்கள் எழுதுகின்றன. விளம்பரங்களும் அதையே ஓதுகின்றன. இந்தத் தொடரில் 'மாற்று' தவறு, 'அறுவை' மிகை. கொழுப்பு ஒன்றுதான் ஒழுங்காக இருக்கிறது.

சொற்பிறப்பை விரைவில் முடித்துவிடலாம். 'லிப்போஸ்' கிரேக்கத்தில் கொழுப்பு. 'சக்ஷன்' உறிஞ்சுதலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. 1970களில் இத்தாலிய மருத்துவர்களான ஃபிஷர் தந்தையும் மகனும், பாரிஸில் மருத்துவர் இல்லூஸும் குழல் வழியே கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் முறையை வளர்த்தார்கள். எடுத்த கொழுப்பை வேறிடத்தில் வைப்பதைக் குறிக்கும் 'கிராஃப்ட்' என்ற சொல்லோ, எழுதுகோலைக் குறித்த கிரேக்கச் சொல்லில் தொடங்கி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. செடியில் ஒட்டுக்கட்டும் குச்சியின் சீவிய முனை எழுதுகோலைப் போல இருந்ததால் வந்த பெயர். அதாவது, மருத்துவர்கள் கையில் எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே அது தோட்டக்காரர்களின் சொல். கொழுப்பை இப்படி வைப்பதும் புதிதன்று. 1893இலேயே ஜெர்மானிய மருத்துவர் நாய்பர் கையிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்தழும்பின் குழியை நிரப்பினார்.

இனி 'மாற்று'. சிறுநீரக மாற்று, இதய மாற்று, கல்லீரல் மாற்று என்று கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு இந்தச் சொல் என்ன சொல்கிறது? கெட்டுப்போன ஒன்றின் வேலையைச் செய்ய, பெரும்பாலும் வேறொருவர் உடலிலிருந்து வந்த ஒன்று. மாற்றுச் சாவி, மாற்று வழி எல்லாம் அதே பொருளைத்தான் அழுத்துகின்றன: ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று. கொழுப்பு மாற்று என்று படிப்பவர், தன் கெட்ட கொழுப்பை எடுத்துவிட்டு யாருடைய நல்ல கொழுப்பையோ வைப்பார்கள் என்று நினைத்தால் அவர்மீது பிழையில்லை. கொடையாளர் யார், உடல் ஏற்குமா, வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்டா என்ற கவலைகளும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வரும். உண்மையில் கொழுப்பு அவருடையது. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் அவர் உடலே. உடல் நிராகரிக்கும் பேச்சே எழாது.

'அறுவை'யும் அப்படித்தான். சில மில்லிமீட்டர் துளை வழியே மழுங்கிய முனையுள்ள கானுலா என்ற மெல்லிய குழலை நுழைத்து, கொஞ்சங்கொஞ்சமாக, பல அடுக்குகளில் கொழுப்பை விடுகிறார்கள். நியூயார்க் மருத்துவர் கோல்மன் 1990களில் வலியுறுத்தியது இதைத்தான்: மொத்தமாகக் கொட்டாதே, மெல்லிய இழைகளாகப் பரப்பு. குவியலின் நடுவே மாட்டிக்கொண்ட கொழுப்புக்கு இரத்தம் எட்டாது. அது செத்து எண்ணெய்க்கட்டியாகவோ கல் போன்ற முடிச்சாகவோ நின்றுவிடும்.

சிலர் 'மாற்று' வேண்டாம் என்று 'பரிமாற்றம்' போடுகிறார்கள். பரிமாற்றத்துக்கு இரண்டு தரப்பு வேண்டுமே! யாருக்கும் யாருக்கும் இடையில்? 'இடமாற்றம்' பொருளளவில் பரவாயில்லை. ஆனால் இடமாற்ற ஆணை பெற்ற அலுவலர் புதிய ஊரில் முழுசாகப் போய்ச் சேர்ந்துவிடுவார். கொழுப்பு அப்படிச் சேராது. புதிய இடத்தில் இரத்த நாளங்கள் முளைத்து ஊட்டினால்தான் அது பிழைக்கும். ஒரு பகுதி பிழைக்காமல் கரைந்துவிடும். அதனால்தான் பள்ளத்தை ஒரே அமர்வில் சமன்செய்ய முடியாமல் மறுபடி செய்ய நேர்கிறது. சொல்லில் இந்த நிச்சயமின்மை தெரிய வேண்டும்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் தரும் 'கொழுப்புப் பதியம்' கேட்க அழகுதான். தோட்டத்தில் பதியம் போட்டவர்கள் ஒப்பமாட்டார்கள். பதியத்தில் கிளை தாய்ச்செடியை விட்டு அறுபடாமலே மண்ணில் வேர்விடுகிறது. வேர் பிடித்த பிறகே வெட்டுகிறோம். மருத்துவத்தில் அதற்கு நிகரானது வேறொன்று: இரத்தக் குழாயை அறுக்காமல் தோலையும் கொழுப்பையும் சேர்த்துப் புரட்டிப் பக்கத்தில் பொருத்தும் அறுவை. பதியத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கொழுப்பு முழுதாகத் துண்டிக்கப்பட்டு வருகிறது.

ஆகவே 'கொழுப்பு ஒட்டு'. தோல் ஒட்டு, எலும்பு ஒட்டு என்று ஏற்கெனவே புழங்கும் வரிசையில் உட்காருகிறது. மாங்கன்று வாங்கியவர் எவருக்கும் புரிகிறது. ஒட்டு பிடித்தது, பிடிக்கவில்லை என்ற வினையும் கூடவே கிடைக்கிறது. மேலே ஒட்டவைப்பது என்று சிலர் நினைக்கக்கூடும் என்பது ஒரு குறை. 'மாற்று' செய்யும் குழப்பத்துக்கு முன்னால் அது சிறிது.

சொல் தவறினால் விளக்கமும் தவறுகிறது. பள்ளம் என்றாலே கொழுப்பு நிரப்பு என்று கட்டுரைகள் முடித்துவிடுகின்றன. வீக்கம் அடங்கித் திசு மென்மையாகக் குறைந்தது ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும். சில பள்ளங்கள் அதற்குள் தாமே குறைந்துவிடும். தோல் அடியிலுள்ள தசையுறையோடு வடுவால் ஒட்டிக்கொண்டிருந்தால், முதலில் அந்த நார்களை ஊசியால் அறுத்து விடுவிக்காமல் எவ்வளவு கொழுப்பு விட்டாலும் பள்ளம் எழாது. பக்கத்தில் மேடு இருந்தால் அங்கிருந்தே கொழுப்பை எடுக்கலாம். அல்லது வெளியே எடுக்காமல் உள்ளேயே தளர்த்திப் பள்ளத்துக்குத் தள்ளலாம். இந்தத் தள்ளலில்கூட 'மாற்று' எதுவும் இல்லை. தோல் தொய்ந்ததுதான் கோளாறு என்றால் இவை எவையும் போதா.

இதைவிட மோசமானது லிப்போசக்ஷனைக் 'கொழுப்புக் கரைப்பு' என்பது. கரைத்துவிட்ட கொழுப்பைத் திரும்ப எப்படி வைப்பது? ஒரே கட்டுரையில் முதல் பத்தியில் கரைத்துவிட்டு, ஐந்தாம் பத்தியில் அதையே எடுத்து நிரப்புகிறார்கள். எழுதியவருக்கும் உறுத்தவில்லை, திருத்தியவருக்கும் உறுத்தவில்லை. கரைப்பு என்ற சொல் கொழுப்பணுக்களை அழிக்கும் ஊசிமருந்துக்குப் பொருந்தும். 'கொழுப்பு உறிஞ்சல்' சரியானதே, ஒரு சிக்கல் தவிர: வைத்த கொழுப்பில் ஒரு பகுதியை உடல் உள்வாங்கிவிடுவதையும் உறிஞ்சல் என்றே எழுதுகிறோம். "உறிஞ்சிய கொழுப்பில் ஒரு பகுதி உறிஞ்சப்படும்" என்ற வாக்கியத்தை யார் புரிந்துகொள்வது? குழல் செய்வதை உறிஞ்சியெடுப்பு என்றும், உடல் செய்வதை உள்வாங்கல் என்றும் பிரிக்கலாம். உறிஞ்சியெடுப்பு நீளம் என்று ஆசிரியர் குழு முகம் சுளித்தால், லிப்போசக்ஷன் என்றே போட்டுக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை.