நக்கவாரப் புறா: "நிக்கோபார் மாடப்புறா" ஏன் பிழை

திருகோணமலை மாவட்டத்து நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தள்ளிக் கிடக்கும் புறாத்தீவைப் பற்றிய பயணக் குறிப்புகள் சிலவற்றில் ஒரு படம் ஒட்டிக்கொண்டு வருகிறது. பச்சையும் செம்பும் மின்னும் முதுகு, கழுத்திலிருந்து பிடரிமயிர்போல் தொங்கும் நீண்ட இறகுகள், வெள்ளை வெளேரென்ற குட்டை வால். கீழே "நிக்கோபார் மாடப்புறா" என்று பெயர். படமும் பிழை, பெயரும் பிழை. பெயர் பிழைத்ததால்தான் படம் அங்கே வந்து குந்தியது.

வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புறாவின் பழைய வடிவம் புறவு. சிபியின் கதையைச் சொல்லும் புறநானூறு "புறவின் அல்லல்" என்கிறது. படத்திலுள்ள காட்டுப் பறவையின் உயிரியல் பெயர் கலோயினாஸ் நிக்கோபாரிக்கா. கலோஸ் என்றால் கிரேக்கத்தில் அழகு, ஒயினாஸ் என்றால் புறா. பெயரில் நிக்கோபாரை 1758இல் ஒட்டிவிட்டவர் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ். ஆனால் பறவை நிக்கோபாரோடு நிற்பதில்லை. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், சொலமன், பலாவு வரைக்கும் சிறு தீவுகளில் உண்டு. இலங்கையில் இல்லை.

இனி மாடப்புறாவுக்கு வருவோம். மாடம் என்றால் மாளிகை. சுவரில் விளக்கு வைக்கும் குழிவும் மாடந்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஒண்டி வாழ்வது மாடப்புறா. நெடுநல்வாடை இதையே "மனையுறை புறவின் செங்கால் சேவல்" என்கிறது. வாடைக்கு வெளியே இரைதேடப் போகாமல், வீட்டின் கொடுங்கையைத் தாங்கும் பலகையில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்கும் புறா அது. இன்றைக்கும் கோபுரத்துப் பொந்திலும் பழைய கட்டடங்களின் விளிம்பிலும் இருப்பது அதே இனந்தான்: சாம்பல் உடல், சிறகில் இரண்டு கறுப்புப் பட்டை, விளிம்பில் நாலு குச்சி வைத்துக் கட்டிய கூடு, பெரும்பாலும் இரண்டு முட்டை. கட்டடம் கிடைப்பதற்கு முன் அதற்குப் பாறை வெடிப்பே வீடு. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட நம் புறாத்தீவுக்குப் பெயர் கொடுத்தவை, அங்குள்ள பாறைகளில் தங்கும் இந்தச் சாம்பல் புறாக்களே.

நிக்கோபாரின் பறவைக்கு மாடமும் வேண்டாம், மனையும் வேண்டாம். அதற்கு வேண்டியது அடர்ந்த மரங்களுள்ள சிறு தீவு. எலியும் பூனையும் எட்டாத தீவு. மரக்கிளையில் குச்சிகளை ஒழுங்கில்லாமல் அடுக்கிக் கூடு கட்டி ஒரே ஒரு முட்டை இடும். பகலில் காட்டுத் தரையில் நடந்து, உதிர்ந்த விதைகளைப் பொறுக்கும். மற்றப் புறாக்கள் தொடாத கடின விதைகளையும், கல் விழுங்கி வைத்திருக்கும் அதன் அரைவைப்பை நொறுக்கிவிடும். அந்தக் கல்லுக்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடப்பட்டது. தோட்டம் போடக் காடு வெட்டப்பட்டது. அது அருகியதற்குக் காரணம் இவை. இளம் பறவையின் வால் கருமையாக இருக்கும், வளர்ந்த பிறகே வெளுக்கும். 2002இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அழிந்துபோன டோடோவுக்கு உயிரோடிருக்கும் பறவைகளில் மிக நெருங்கிய உறவு இதுவே என்று காட்டியது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு இதை "மாட"த்தில் ஏற்றுவது எப்படிப் பொருந்தும்?

பிழை நுழைந்த வழி தெரிந்ததே. அகராதியில் பிஜின் என்பதற்கு நேரே மாடப்புறா, டவ் என்பதற்கு நேரே புறா என்று இருக்கும். மொழிபெயர்ப்பவர் முதல் சொல்லை எடுத்துக்கொண்டு நடந்துவிடுகிறார். ஆங்கிலத்திலேயே பிஜினுக்கும் டவ்வுக்கும் இடையில் உயிரியல் எல்லை கிடையாது. நம் மாடப்புறாவையே ரொக் பிஜின் என்றும் ரொக் டவ் என்றும் எழுதுகிறார்கள். பொதுப்பெயர் வரவேண்டிய இடத்தில் ஓர் இனத்தின் பெயரை வைத்தால், வாசிப்பவர் கண்முன் கோபுரத்துச் சாம்பல் பறவைதான் வரும். அல்லது, புறாத்தீவுக்குப் படகேறிப் போய்ப் பச்சைப் பறவையைத் தேடுவார்.

மினுக்கத்தைப் பார்த்து "மயில்புறா" என்போரும் உண்டு. அதுவும் ஆகாது: விசிறிபோல் வாலை விரிக்கும் வளர்ப்புப் புறாவுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. "காட்டுப்புறா" என்றால் பச்சைப்புறாவும் காட்டில்தானே இருக்கிறது?

"நிக்கோபார் புறா" பிழையில்லாத பெயர். பொருள் கெடாது, யாரும் குழம்பமாட்டார்கள். ஆனாலும் எனக்கு அது போதாது. அந்தத் தீவுகளுக்குத் தமிழில் ஆயிரம் ஆண்டுப் பெயர் இருக்கிறது. முதலாம் இராசேந்திரனின் கடற்படையெடுப்பைச் சொல்லும் 1030ஆம் ஆண்டுத் தஞ்சைக் கல்வெட்டு "மாநக்கவாரம்" என்று பொறித்திருக்கிறது. பெரியகுளத்து வெல்கம் விகாரையில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளை வைத்திருக்கும் நம் மாவட்டத்தவர், அதே காலத்துச் சொல்லைக் கைவிட்டு வெள்ளைக்காரர் வாயில் உருண்டு வந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. நக்கம் என்றால் அம்மணம், அதிலிருந்து வந்த பெயர் என்று விளக்குவோர் உண்டு. அந்த விளக்கம் நின்றாலும் விழுந்தாலும் ஊர்ப்பெயர் ஊர்ப்பெயர்தான்.

ஆகவே நக்கவாரப் புறா. நக்கவாரம் என்பதன் ஈற்று மகரம் கெட்டுப் பகரம் மிகும். "நக்கவாரம் புறா" என்று பிரித்து வைக்கக்கூடாது. கட்டுரையில் முதல்முறை வரும்போது "நிக்கோபார் எனப்படும் நக்கவாரத் தீவுகளின் புறா" என்று ஒருதரம் விரித்துவிட்டால், பிறகு சுருங்கிய பெயர் தானாக நிற்கும். "புறா தீவு" என்று ஒற்றில்லாமல் எழுதுவதையும் அதோடு நிறுத்தலாம். புறாத்தீவு என்றே எழுதவேண்டும்.

இதே அகராதி நோய்தான் இலங்கைக் காடுகளில் பழம் தின்று வாழும், சாம்பல் உடலும் பச்சைச் சிறகும் கொண்ட பெரும்புறாவை "பச்சைப் பேரரசுப் புறா" ஆக்குகிறது. ஆங்கிலப் பெயரிலுள்ள இம்பீரியல் பருமனையும் எடுப்பையும் குறித்து வைத்த அடைமொழி. அந்தப் பறவைக்கு அரசுமில்லை, பேரரசுமில்லை. பருமனைச் சொல்லத் தமிழில் "பெரும்" என்ற இரண்டெழுத்தும் ஒரு மெய்யும் போதும்.