அன்று குற்றமில்லை என்றால் இன்று தண்டனையில்லை

ஒரு செயலைச் செய்த நாளில் அது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்றால், பின்னால் வந்த சட்டத்தைக் காட்டி அதற்காக யாரையும் தண்டிக்க முடியாது. அன்றைக்கு இருந்த தண்டனையைவிடக் கூடுதலாக விதிக்கவும் முடியாது. விதி இவ்வளவுதான். 1948-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 11-ஆவது பிரிவிலும், 1966-இல் உருவாகி 1976-இல் நடைமுறைக்கு வந்த குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 15-ஆவது பிரிவிலும் இது இருக்கிறது. இந்திய அரசமைப்பில் 20(1), இலங்கை அரசமைப்பில் 13(6). அந்த உடன்படிக்கையில் சேராத மலேசியாவும் சிங்கப்பூரும்கூடத் தங்கள் அரசமைப்பின் 7, 11-ஆவது பிரிவுகளில் இதை எழுதிவைத்திருக்கின்றன.

இதில் என்ன பெரிய உரிமை, இது சாதாரண நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் இந்தச் சாதாரண நியாயம் வந்துசேர மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

பாபிலோன் அரசர் ஹம்முராபி ஏறத்தாழ கி.மு. 1750 வாக்கில் தம் சட்டங்களைக் கல்லில் வெட்டி நிறுத்தினார். இரண்டேகால் மீட்டர் உயரமுள்ள அந்தக் கருங்கல் இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அநீதிக்கு ஆளானவன் இந்தக் கல்லின் முன் வந்து, எழுதியிருப்பதைப் படிக்கக் கேட்டுத் தன் வழக்கைத் தெரிந்துகொள்ளட்டும் என்று அதன் முடிவுரை சொல்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் அன்று மிகச் சிலர் என்பது வேறு விஷயம். சட்டம் என்பது அரசன் மனதில் இருப்பது மட்டுமல்ல, போய்ப் பார்க்கக்கூடிய ஒரு பொருள் என்ற எண்ணம் அங்கே தெரிகிறது.

ரோமில் சாமானியர்கள் கேட்டுப் போராடிய பிறகே கி.மு. 451-450-இல் பன்னிரண்டு பலகைகளில் சட்டம் எழுதப்பட்டது. அப்போதும் ஒரு பூட்டு மிச்சமிருந்தது. வழக்கை எந்தச் சொற்களால் தொடுக்க வேண்டும், எந்த நாளில் தொடுக்கலாம் என்பது பூசாரிகளுக்குத்தான் தெரியும். சொல் பிசகினால் வழக்கு போயிற்று. கி.மு. 304-இல் நேயுஸ் ஃபிளாவியுஸ் என்ற எழுத்தர் அந்தச் சொற்களை ஊரறிய வெளியிட்டார். வழக்கு நாட்களின் பட்டியலை வெள்ளைப் பலகைகளில் எழுதிச் சந்தைச் சதுக்கத்தைச் சுற்றிலும் மாட்டினார். விடுதலை பெற்ற அடிமை ஒருவரின் மகன் அவர். சட்ட வரலாற்றில் எனக்குப் பிடித்த ஆள் என்றால் இவரைத்தான் சொல்வேன்.

பலகையில் மாட்டினால் மட்டும் போதாது என்பதற்குப் பேரரசர் கலிகுலா சாட்சி. கி.பி. 37 முதல் 41 வரை ஆண்ட அவர் புதுப்புது வரிகளைப் போட்டார், ஆனால் விதிகளை எழுத்தில் வெளியிடவில்லை. தெரியாமல் மீறியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மக்கள் வற்புறுத்தியபோது, யாரும் படியெடுக்க முடியாதபடி குறுகலான ஓர் இடத்தில், பொடி எழுத்தில் எழுதி மாட்டச் சொன்னாராம். ஒப்பந்தப் பத்திரங்களின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

தேதியில் நடக்கும் தந்திரம் இதைவிட நுட்பமானது. இங்கிலாந்தில் 1793 வரை, ஒரு சட்டத்தில் வேறு தேதி குறிப்பிடப்படவில்லை என்றால், நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்கிய முதல் நாளிலிருந்தே அது நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளப்பட்டது. கூட்டத்தொடர் நவம்பரில் தொடங்கி, மசோதா ஜூனில் நிறைவேறியது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் மாதம் ஒருவர் செய்த காரியம், அப்போது பிறந்தேயிராத சட்டத்தை மீறியதாகிவிடும். 1793-இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, அரச ஒப்புதல் கிடைத்த நாளே தொடக்க நாள் என்று மாற்றினார்கள். அதற்குள் அமெரிக்காவின் 1787 அரசமைப்பும் பிரான்சின் 1789 பிரகடனமும் முன்தேதியிட்டுத் தண்டிப்பதைத் தடைசெய்துவிட்டன.

விதி எழுதப்பட்டுவிட்டதால் அது நிலைத்துவிடவில்லை. 1933 பிப்ரவரி 27 இரவு பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மாரினுஸ் வான் டெர் லுபே என்ற டச்சு இளைஞர் அங்கேயே பிடிபட்டார். அந்த இரவில் அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் மரண தண்டனை கிடையாது. மறுநாள் வந்த அவசர ஆணை மரண தண்டனையைக் கொண்டுவந்தது. மார்ச் 29 அன்று ஹிட்லர் அரசு இன்னொரு சட்டம் போட்டு, அந்தத் தண்டனை ஜனவரி 31 முதல் நடந்த செயல்களுக்கும் பொருந்தும் என்றது. 1934 ஜனவரி 10 அன்று வான் டெர் லுபேயின் தலை வெட்டப்பட்டது. 1935-இல் அதே அரசு இன்னும் ஒரு படி போய், சட்டத்தில் இல்லாத செயலையும் 'மக்களின் ஆரோக்கியமான உணர்வு'க்கு விரோதமானது என்றால் தண்டிக்கலாம் என்று தண்டனைச் சட்டத்தையே திருத்தியது. போருக்குப் பிறகு எழுதப்பட்ட சர்வதேச உடன்படிக்கை, நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாத சில உரிமைகளில் 15-ஆவது பிரிவையும் சேர்த்திருப்பதை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும்.

சரி, இந்த உரிமை எதுவரை உதவும்? குற்றத்துக்கும் தண்டனைக்கும் இது கெட்டியான கவசம். வரி, வாடகை, ஓய்வூதியம் போன்றவற்றில் அப்படி இல்லை. முன்தேதியிட்ட வரியைப் பல நாடுகளின் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. வழக்கை எந்த நீதிமன்றம் விசாரிக்கும், எப்படி விசாரிக்கும் என்ற நடைமுறை விதிகள் மாறினால், பொதுவாக அவை நிலுவையில் உள்ள வழக்குகளுக்கும் பொருந்தும். இன்னொன்று, உள்நாட்டுச் சட்டத்தில் இல்லாவிட்டாலும் செய்த காலத்திலேயே உலக நாடுகள் ஏற்றிருந்த பொதுக் கோட்பாடுகளின்படி குற்றமாக இருந்தவற்றைத் தண்டிக்க உடன்படிக்கை இடம் தருகிறது.

சட்டம் மாறித் தண்டனை குறைந்தால் கதை வேறு. அந்தக் குறைவின் பலன் குற்றவாளிக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது உடன்படிக்கை. அமெரிக்கா இந்த வாக்கியத்தை ஏற்க மறுத்து நிபந்தனை போட்டுத்தான் சேர்ந்தது. ஆகவே உங்கள் நாட்டுச் சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு வழக்கில் இந்த உரிமை உதவுமா என்று பார்க்க, முதலில் சட்டத்தின் தேதியைப் பாருங்கள். ஒரு சட்டத்துக்கு நிறைவேறிய நாள், ஒப்புதல் கிடைத்த நாள், அரசிதழில் வெளியான நாள், அமலுக்கு வந்த நாள் என்று பல தேதிகள் இருக்கும். கணக்கில் வருவது கடைசித் தேதி. சட்டத்தின் முதல் பிரிவிலேயே பெரும்பாலும் அது இருக்கும். 'அறிவிக்கை செய்யும் நாளில்' என்று மட்டும் இருந்தால் அந்த அறிவிக்கையைத் தனியே தேட வேண்டும். ஒரே சட்டத்தின் வெவ்வேறு பிரிவுகள் வெவ்வேறு நாட்களில் அமலுக்கு வருவதும் உண்டு.

பிறகு குற்றப்பத்திரிகையை எடுத்து, சம்பவ நாள் என்று எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். ஒரே நாள் என்றால் ஒப்பிடுவது எளிது. 'இந்த மாதம் முதல் அந்த மாதம் வரை' என்று இருந்தால் கவனம் தேவை. தடைசெய்யப்பட்ட பொருளை வைத்திருப்பது போன்ற தொடர் குற்றங்களில், சட்டம் வந்த மறுநாளும் அது கையில் இருந்தால் அந்த மறுநாளுக்குப் புதிய சட்டம் பொருந்திவிடும். வாங்கியது எப்போது என்ற ரசீது அங்கே காப்பாற்றாது.