புரோக்டைட்டிஸ் – மலக்குடல் அழற்சி

மருத்துவ அறிக்கையில் ‘புரோக்டைட்டிஸ்’ என்று எழுதியிருந்தால், மலக்குடலின் உட்சவ்வு சிவந்து வீங்கியிருக்கிறது என்று பொருள். பெருங்குடல் முடிந்து ஆசனவாய் தொடங்குவதற்கு முன்னுள்ள, ஏறத்தாழ 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளப் பகுதியே மலக்குடல்.

சொல் கிரேக்கம். ‘புரோக்டோஸ்’ என்றால் ஆசனவாய். ‘ஐட்டிஸ்’ என்ற விகுதிக்கு முதலில் ‘அதைச் சார்ந்தது’ என்றுதான் பொருள். நோய் என்ற சொல் பின்னால் தொக்கி நின்றது. அழற்சியை மட்டும் குறிக்கத் தொடங்கியது பிற்காலத்தில். ஆகவே, ‘குதவழற்சி’ என்று நேராகப் பெயர்ப்பதை நான் ஏற்கவில்லை. குதம் என்பது ஆசனவாய். இந்த நோய் இருப்பதோ அதற்கு உள்ளே. மலக்குடல் அழற்சி என்பதே பொருத்தம். ‘ரெக்டம்’ என்ற இலத்தீன் பெயருக்கு ‘நேரானது’ என்று பொருள். விலங்குகளை அறுத்துப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. மனிதரின் மலக்குடல் வளைந்தே கிடக்கிறது. செய்யும் வேலையை வைத்துப் பெயரிட்ட தமிழில் அந்தப் பிழை இல்லை. அழற்சியும் நல்ல சொல்: அழல் என்றால் தீ. ‘இன்ஃபிளமேஷன்’ என்பதன் வேரும் இலத்தீனில் தீச்சுடர்தான்.

பெயர் இடத்தைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சையாலும் வரும், பெருங்குடலில் புண்ணை உண்டாக்கும் நாள்பட்ட அழற்சி நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸாலும் வரும். பாதுகாப்பற்ற குதவழி உறவால் வருவதைப் ‘பால்வினை மலக்குடல் அழற்சி’ என்று பிரித்துச் சொல்லலாம். கொணோரியா, கிளமிடியா, ஹெர்பிஸ், சிபிலிஸ் ஆகிய நான்கு தொற்றுகளும் இதன் முக்கியக் காரணங்கள். ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும்.

மலம் கழித்து எழுந்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பதுபோலத் தோன்றும். மறுபடி உட்கார்ந்து முக்கினால் மலம் வராது. சீதமும் இரண்டு சொட்டு இரத்தமும் வரும். உள்ளாடையில் சீழ்க்கறை படியலாம். இவ்வளவையும் ‘மூலம்’ என்று தாமே முடிவுகட்டி, மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு மாதக்கணக்கில் தவிப்பவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. களிம்பால் கிருமி சாகாது. கொணோரியாவும் கிளமிடியாவும் மலக்குடலில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருப்பதும் உண்டு. ஆசனவாய் வழியே பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். சிறுநீரை மட்டும் சோதித்தால் தப்பிவிடும்.

மருத்துவர்களே ஏமாந்ததும் உண்டு. கிளமிடியாவின் ஒரு கடுமையான வகை வெப்பநாடுகளின் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2003இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே அது மலக்குடல் அழற்சியாகப் பரவியிருப்பது தெரியவந்தது. குடலின் நாள்பட்ட அழற்சியான குரோன் நோய் போலவே இது தோன்றுவதால், குரோன் நோய்க்கான மருந்தையே பெற்றுவந்த நோயாளிகள் உண்டு. சாதாரணக் கிளமிடியாவுக்கு 7 நாள் போதுமான டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, இந்த வகைக்கு 21 நாள் தேவை.

உறவு பற்றி நோயாளி மறைக்காமல் சொன்னால் மருத்துவர் சரியான சோதனைக்கு எழுதுவார். கேட்கும் மருத்துவரும் முகம் சுளிக்கக் கூடாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பால்வினை நோய்களுக்கென்று தனி நிலையமே இருக்கிறது. துணைவருக்கும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும். இல்லாவிட்டால் தொற்று திரும்ப வரும்.